தாயை வரைவது யார்? – யெலேனா ஓசிப்போவாவின் தட்டிகளை முன்வைத்து

1

ரஷ்யத் தாய் ஒருத்தி தமிழ் வாசகருக்கு ரொம்ப காலமாகவே பழக்கம். தொ.மு.சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பில் கார்க்கியின் 'தாய்' நாவலைப் படித்துவிட்டு இயக்கங்களுக்குள் வந்தவர்கள் இங்கே நிறையப் பேர். நாவலின் கடைசிக் காட்சி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ரயில் நிலையம். போலீஸ்காரர்கள் வளைத்துக்கொள்கிறார்கள். நீலவ்னா பெட்டியைத் திறந்து துண்டறிக்கைகளைக் கூட்டத்தை நோக்கி வீசுகிறாள். அடி விழுகிறது, பேசிக்கொண்டே இருக்கிறாள்.

அந்தக் காட்சியில் ஒரு விஷயத்தை நாம் சரியாகக் கவனிக்காமலே தாண்டிப் போயிருக்கிறோம். பெட்டிக்குள் இருந்தது நீலவ்னாவின் சொல் அல்ல. மகன் நீதிமன்றத்தில் பேசிய பேச்சு அது. மகன் பேசுகிறான், தாய் சுமக்கிறாள். புரட்சிகர இலக்கியம் தாய்க்குக் கொடுத்த மிக உயர்ந்த இடமே இந்தச் சுமைகாரியின் இடம்தான்.

இப்போது வேறொரு காட்சி. 2022 பிப்ரவரி 24ஆம் தேதி ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் முழு அளவில் புகுந்தன. மார்ச் 2ஆம் தேதி மாலை, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத் தெருவில் 76 வயதுப் பெண் ஒருவர் இரண்டு கைகளிலும் இரண்டு தட்டிகளைப் பிடித்தபடி நிற்கிறார். தலைக்கவசமும் கனத்த உடுப்புமாக வந்த போலீஸ்காரர்கள் அவரைச் சூழ்ந்து நடத்திக்கொண்டு போகிறார்கள். அவர் மெல்ல நடக்கிறார். சுற்றி நிற்பவர்கள் கத்துகிறார்கள். யாரோ படம் பிடித்த இந்தச் சில வினாடிகள் உலகம் முழுக்கப் பரவின. அவர் பெயர் யெலேனா ஓசிப்போவா. ஓவியர். அவர் கையிலிருந்த சொல்லும் அவருடையது, படமும் அவருடையது.

நீலவ்னாவுக்கும் ஓசிப்போவாவுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளிதான் இந்தக் கட்டுரையின் பொருள். சுமப்பவளாக இருந்த தாய் வரைபவளாக மாறும்போது 'தாய்' என்ற குறியீட்டுக்கு என்ன ஆகிறது?

2

ஓசிப்போவா 1945 நவம்பரில் அன்றைய லெனின்கிராதில் பிறந்தவர். ஓவியம் படித்து, சுமார் முப்பது ஆண்டுகள் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். சோவியத் காலத்து எதிர்ப்பாளர் வரிசையில் அவர் பெயர் கிடையாது. சிறை சென்ற வரலாறோ, தலைமறைவுப் பத்திரிகை நடத்திய பெருமையோ எதுவும் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டும்வரை அவர் ஒரு ஓவிய டீச்சர், அவ்வளவுதான்.

2002 அக்டோபரில் மாஸ்கோவின் துப்ரோவ்கா அரங்கில் 'நார்த்-ஓஸ்த்' என்ற இசை நாடகம் நடந்துகொண்டிருந்தபோது செச்சென் ஆயுதக்குழு ஒன்று பார்வையாளர்களைப் பணயமாகப் பிடித்தது. அக்டோபர் 26 அதிகாலையில் பாதுகாப்புப் படைகள் அரங்கத்துக்குள் வாயுவைச் செலுத்தி உள்ளே புகுந்தன. அரசுக் கணக்கிலேயே பணயக்கைதிகள் 130 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் சாவுக்கு அந்த வாயுதான் காரணம். மீட்பவன் கையாலேயே சாவு வந்த இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ஓசிப்போவா முதல் தட்டியை எழுதி எடுத்துக்கொண்டு, பீட்டர்ஸ்பர்க் நகர சட்டமன்றம் இயங்கும் மரீன்ஸ்கி மாளிகை முன்னால் போய் நின்றார். குடியரசுத் தலைவர் உடனே பாதையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதன் வாசகம். அதற்கப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. 2004இல் பெஸ்லான் பள்ளிக்கூடத்தில் 334 பேர் செத்தபோதும் (அதில் 186 பேர் குழந்தைகள்), 2014இல் கிரீமியா இணைக்கப்பட்டபோதும், பிறகு 2022இலும் தட்டிகளோடு தெருவில் நின்றார்.

தனியாக நிற்பது ஏன் என்று கேட்கலாம். ரஷ்யாவின் 2004ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டச் சட்டப்படி ஓர் ஆள் மட்டும் தட்டி பிடித்து நின்றால் முன்கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் அது கூட்டம். அதிகாரம் விட்டுவைத்த இந்தச் சின்ன இடுக்குக்குள்தான் ரஷ்யாவின் எதிர்ப்பு பல வருடம் மூச்சுவிட்டது. பிறகு அந்த இடுக்கும் சுருங்கியது. ஒருவர் மாற்றி ஒருவர் நின்றால் எல்லாம் சேர்த்து ஒரே கூட்டமாகக் கருதலாம் என்று 2012இல் விதி வந்தது. 2020இல் கொரோனா தடைகள் வந்து சேர்ந்தன. ஆக, ஓசிப்போவாவின் ஓவியத்துக்கு அதன் அளவையும் வடிவத்தையும் கொடுத்ததில் சட்டத்துக்கும் பங்கு உண்டு: ஒரு மனித உடம்பு, இரண்டு கை, கை தாங்கும் எடை.

3

ஓவிய நண்பர் ஒருவரிடம் இந்தத் தட்டிகளின் புகைப்படங்களைக் காட்டினேன். "என்னய்யா இது, எட்டாங்கிளாஸ் புள்ள போட்ட படம் மாதிரி இருக்கு. பாவம், நல்ல பாட்டிதான். அதுக்காக ஓவியம்னு சொல்லிட முடியுமா?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஓசிப்போவாவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அவருடைய துணிச்சலைப் பேசுகிறது, படங்களைப் பேசுவதில்லை. ஒரு ஓவியரைப் பாராட்டிக்கொண்டே அவருடைய ஓவியத்தைப் பார்க்காமல் இருப்பது ஒருவகை அவமதிப்பு.

படங்களில் இருப்பவை பெரும்பாலும் பழைய உருவங்கள். குழந்தையை அணைத்த தாய். நம்மையே பார்க்கும் பெரிய கண்கள் கொண்ட முகம். புதிரோ, திறப்பதற்குச் சாவி தேவைப்படுகிற அந்தரங்கக் குறியீடோ இல்லை. படத்தோடு சேர்ந்தே எழுத்து வருகிறது. கையால் எழுதிய பெரிய எழுத்துகள். படத்தை விளக்க எழுத்தா, எழுத்துக்குத் துணையாகப் படமா என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒரே பரப்பில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

இதை 'தேர்ச்சியின்மை' என்று சொல்வதற்கு முன்னால் ரஷ்யக் காட்சி மரபைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். தேவாலயத் திருவுருவங்களில் உருவத்துக்குப் பக்கத்திலேயே பெயரும் வாசகமும் எழுதப்பட்டிருக்கும். 'லுபோக்' என்று அழைக்கப்பட்ட மலிவு விலை அச்சுப் படங்களில் படமும் கதையும் ஒரே தாளில் இருக்கும். சந்தையில் விற்று, குடிசைச் சுவரில் ஒட்டியவை அவை. 1919 முதல் 1921 வரை மயக்கோவ்ஸ்கியும் நண்பர்களும் செய்தி நிறுவனத்தின் ஜன்னல்களில் மாட்டிய 'ரோஸ்தா' சுவரொட்டிகளும் இதே வழியில் வந்தவை. முப்பது வருடம் ஓவியம் சொல்லிக்கொடுத்தவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. அவருடைய எளிமையைத் தெரிந்தே எடுத்துக்கொண்ட மொழியாகப் பார்ப்பதுதான் சரி. காட்சிக்கூடத்தில் பார்வையாளர் படத்தின் முன்னால் நிற்பார். தெருவிலோ அவர் நடந்துகொண்டே இருப்பார். நெவ்ஸ்கி பெருஞ்சாலையில் ஒருவர் தட்டியைத் தாண்டிப் போக ஆகும் நேரம் சில வினாடிதான். அதற்குள் பிடித்து நிறுத்த வேண்டும்.

'கலையா பிரச்சாரமா' என்ற கேள்வியை நாம் இங்கே எத்தனையோ வருடமாகக் கேட்டுச் சலித்திருக்கிறோம். அந்தக் கேள்வியே தப்பு என்பது என் எண்ணம். ஒரு குறியீடு யார் கையில் இருக்கிறது, எந்தக் கையிலிருந்து பிடுங்கப்பட்டது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

4

இந்த இடத்தில் ஓசிப்போவாவின் நகரத்திலேயே எழுதப்பட்ட ஒரு புத்தகம் உதவும். வொலோஷினோவின் 'மார்க்சியமும் மொழித் தத்துவமும்' 1929இல் லெனின்கிராதில் வெளிவந்தது. அதன் அடிப்படை வாதம் இது: வெவ்வேறு வர்க்கங்கள் ஒரே மொழியைத்தான் பயன்படுத்துகின்றன, அதனால் ஒவ்வொரு குறியும் போராட்டம் நடக்கிற களமாகிறது. ஆளும் தரப்பு குறிக்கு ஒரே அழுத்தம்தான் உண்டு, அது என்றென்றைக்கும் மாறாதது என்று நிறுவப் பார்க்கும். ஆனால் அதற்குள் பல குரல்கள் கிடந்து மோதிக்கொண்டே இருக்கும். சமூக நெருக்கடிகளின்போது அந்த மோதல் வெளியே தெரியும்.

ரஷ்யாவில் 'தாய்' அப்படிப்பட்ட குறி. பெத்ரோவ்-வோத்கின் 1920இல் '1918, பெத்ரோகிராத்' என்ற ஓவியத்தை வரைந்தார். மேல்மாடத்தில் வெளிறிய ஓர் இளம்பெண், மார்போடு அணைத்த குழந்தை, பின்னால் புரட்சியின் பசி பிடித்த நகரம். மக்கள் அதை 'பெத்ரோகிராத் மாதா' என்றே அழைத்தார்கள். அந்தத் தாய் யாரையும் எங்கும் போகச் சொல்லவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவே.

1941 ஜூனில் ஹிட்லரின் படை உள்ளே நுழைந்ததும் இராக்லி தோய்ட்ஸே வரைந்த சுவரொட்டி வருகிறது. 'தாய்நாடு அழைக்கிறது!' சிவப்பு உடை, கையில் படை உறுதிமொழித் தாள், முதுகுக்குப் பின்னால் துப்பாக்கிமுனைக் கத்திகள். இந்தத் தாயிடம் குழந்தை இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் நாம்தான் குழந்தை, நம்மைத்தான் அனுப்புகிறாள். 1967இல் வோல்கோகிராதில் அதே பெயரில் வுச்சேத்திச் நிறுவிய சிலை, வாளோடு சேர்த்து 85 மீட்டர் உயரம். இரண்டரை ஆண்டு முற்றுகை, கோடிக்கணக்கான சாவு என்று பாசிசத்தை எதிர்த்து அந்த மக்கள் உண்மையாகவே கொடுத்த விலை இந்தப் படிமத்துக்குள் இருக்கிறது. அதை யாரும் கேலி செய்ய முடியாது. சிக்கல் அதற்குப் பின்னால் வருகிறது. 1941இன் தாயைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்ட அரசு, ஆப்கானிஸ்தானுக்கும் செச்சென்யாவுக்கும் கடைசியில் உக்ரைனுக்கும் பிள்ளைகளை அனுப்பும்போது அவளையே திரும்பத் திரும்ப முன்னால் நிறுத்தியது.

நிஜத் தாய்மார்கள் இதை மறுத்த வரலாறும் உண்டு. படைவீரர் தாய்மார் குழுக்கள் 1989 முதல் இயங்கின. முதல் செச்சென்யப் போரின்போது (1994–96) தாய்மார்கள் போர்முனைக்கே போய்த் தங்கள் பிள்ளைகளைத் தேடிக் கூட்டிவந்தார்கள். பீட்டர்ஸ்பர்கின் படைவீரர் தாய்மார் அமைப்பு, உக்ரைனில் ரஷ்ய வீரர்கள் சாவதைப் பற்றிப் பேசிய 2014ஆம் ஆண்டிலேயே 'அந்நிய முகவர்' என்று முத்திரை குத்தப்பட்டது. 2022 நவம்பரில் ரஷ்ய அன்னையர் தினத்துக்கு முன்னால், பொறுக்கியெடுத்த தாய்மார்களை உட்கார வைத்துப் புதின் தேநீரோடு பேசினார். அரசுக்குத் தாய் வேண்டும், கேள்வி கேட்கிற தாய்மார்கள் வேண்டாம்.

ஓசிப்போவாவின் தாயை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அவர் செய்வது என்னவென்று புரிகிறது. அவர் புதிய குறியீடு எதையும் கண்டுபிடிக்கவில்லை. தோய்ட்ஸேயின் தாயிடமிருந்து உறுதிமொழித் தாளைப் பிடுங்கிவிட்டு, பெத்ரோவ்-வோத்கின் தாயின் குழந்தையைத் திரும்பக் கொடுக்கிறார். அரசு எடுத்துக்கொண்டு போன சொத்தை மீட்கிற வேலை இது.

மார்ச் 2ஆம் தேதி அவர் கையிலிருந்த தட்டிகளில் ஒன்று உலகெங்கும் அணு ஆயுதம் வேண்டாம் என்றது. இன்னொன்று படைவீரனிடம் பேசியது: ஆயுதத்தைக் கீழே போடு, நீ உண்மையான வீரனாவாய். இதைத் தமிழில் எழுதும்போது ஒரு சங்கடம் வருகிறது. ரஷ்ய மொழியில் படையாள் என்பதற்கு ஒரு சொல், வீரநாயகன் என்பதற்கு வேறொரு சொல். நமக்கோ 'படைவீரன்', 'போர்வீரன்' என்று முதலிலேயே வீரத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். துப்பாக்கியை எடுத்ததுமே வீரன், செத்தால் 'வீரமரணம்'. ஓசிப்போவாவின் தட்டி அறுக்கப் பார்க்கிற முடிச்சு நம் மொழியில் இன்னும் இறுக்கமாக விழுந்திருக்கிறது. மொழிபெயர்க்கும்போதுதான் அது கையில் தட்டுப்பட்டது.

5

சோவியத் காலத்து ஓவியர்களுக்குக் குறியீடு மறைவிடமாக இருந்தது. ஓசிப்போவாவை விட ஒரு வயது மூத்தவரான தத்யானா நஸரென்கோவின் 'சர்க்கஸ்காரி' (1984) நல்ல உதாரணம். உயரத்தில் கயிற்றின் மேல் அரைகுறை உடையோடு ஒரு பெண், கீழே நின்று கை தட்டும் அதிகார முகங்கள். இது சர்க்கஸ்தானே என்று தணிக்கையாளரிடம் சொல்லிக்கொள்ளலாம், விவரம் தெரிந்தவர்களுக்கு அது அந்த அமைப்புக்குள் கலைஞரின் நிலைமை என்று புரிந்துவிடும். ஈசாப்பின் மொழி என்று ரஷ்யர்கள் இதைத்தான் சொல்வார்கள். சொல்லாமல் சொல்வது.

ஓசிப்போவா இதற்கு நேரெதிர். குறியீட்டையும் வரைகிறார், அதன் பொருளையும் பக்கத்திலேயே எழுதிவிடுகிறார். ஒளிந்துகொள்ள இடமே வைப்பதில்லை. எழுதிவிட்டால் குறியீட்டின் வேலை முடிந்துவிடாதா என்று இலக்கியவாதிகள் கேட்பார்கள். முடியவில்லை. காரணம், 2022 மார்ச் 4ஆம் தேதி வந்த சட்டம். ராணுவத்தைப் பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை, ராணுவத்தை 'இழிவுபடுத்தினால்' முதல் தடவை அபராதம், மறுபடி செய்தால் குற்றவழக்கு. நடப்பதைப் 'போர்' என்று சொல்வதே ஆபத்தாகிவிட்டது. 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் நடந்தது விசித்திரம். எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறிகளைப் போட்டுத் தட்டி பிடித்தவர்கள் கைதானார்கள். மார்ச் 12ஆம் தேதி நீஷ்னி நோவ்கோரோத் நகரில் ஒரு பெண் வெறும் வெள்ளைத் தாளைப் பிடித்து நின்றார், அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். த்யூமென் நகரில் சாக்பீஸால் எழுதிய ஒரு பெண், தான் எழுதியது 'போர் வேண்டாம்' அல்ல, 'வோப்லா வேண்டாம்' என்று வாதாடினார். வோப்லா என்பது ஒரு மீன். இரண்டு சொல்லுக்கும் ரஷ்ய மொழியில் முதலெழுத்து ஒன்றுதான். முதலில் ஒரு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்தது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை.

இதில் குறியீட்டை உண்டாக்கியது யார்? வெள்ளைத் தாளில் 'போர்' என்று படித்தது போலீஸ்காரர். பிரதியை எழுதுவது வாசகர்தான் என்று நாம் இங்கே வாசக விமர்சனத்தை மாய்ந்து மாய்ந்து விளக்கினோமே, அந்த வாசகர் லத்தியோடும் வரலாம் என்பதை ரஷ்யா காட்டியது. ஒரு அரசு எதையெல்லாம் தடை செய்கிறதோ அதற்கெல்லாம் ஒரு பொருளைக் கொடுத்துவிடுகிறது. இந்த நிலைமையில் ஓசிப்போவாவின் வெளிப்படையான வாசகங்கள் குறியீட்டைக் குறைப்பதில்லை. எல்லாரும் பூடகமாகப் பேசும்போது நேரடியாகப் பேசுவதே பெரிய குறியீடாகிவிடுகிறது.

6

இனி கொஞ்சம் நம்மை நோக்கியும் திரும்ப வேண்டும். அந்த மார்ச் மாதக் காணொலி பரவியபோது 'லெனின்கிராத் முற்றுகையில் உயிர் பிழைத்த கிழவி கைது' என்றுதான் உலகம் முழுக்க எழுதினார்கள். பல ஊடகங்களும் போட்டன. முற்றுகை 1941 செப்டம்பரில் தொடங்கி 1944 ஜனவரியில் முடிந்தது, 872 நாள். ஓசிப்போவா பிறந்தது 1945 கடைசியில். கணக்குப் போட ஒரு நிமிடம் போதும், யாரும் போடவில்லை. ஏன்? ஹிட்லரிடம் தப்பியவள் புதினிடம் சிக்கினாள் என்ற கதை அவ்வளவு கச்சிதமாக இருந்தது. முற்றுகையின் நிழல் விழாத லெனின்கிராத் குடும்பம் அபூர்வம், அந்த நினைவுக்குள்தான் அவர் வளர்ந்திருப்பார். ஆனால் அது நமக்குப் போதவில்லை. நேரடிச் சாட்சியாகவே வேண்டியிருந்தது.

கிட்டத்தட்ட அதே மாதங்களில் இன்னொரு கிழவியும் புகழ் பெற்றார். உக்ரைனின் கார்கிவ் பகுதிக் கிராமத்தைச் சேர்ந்தவர். தன் வீட்டுக்கு வந்த உக்ரைன் வீரர்களை ரஷ்யர்கள் என்று நினைத்துச் சோவியத் செங்கொடியோடு எதிரே வந்தார். அவர்கள் கொடியை வாங்கி மிதித்தார்கள். இந்தக் காணொலி ரஷ்ய அரசுக்கு வரப்பிரசாதமானது. சுவரோவியங்கள், சுவரொட்டிகள் வந்தன. 2022 மே மாதத்தில், குண்டுவீச்சில் நொறுங்கிக் கிடந்த மரியுபோல் நகரில் செங்கொடி ஏந்திய கிழவிக்குச் சிலையே வைத்தார்கள். புதினின் நெருங்கிய அதிகாரி வந்து திறந்துவைத்தார். சிலைக்கு உரியவர் உக்ரைனில்தான் இருந்தார். தனக்குப் போர் வேண்டாம், தன் மக்கள் சாவதைத் தான் எப்படி ஆதரிக்க முடியும் என்று பின்னால் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். சிலை நின்றபடி நின்றது.

ரொலான் பார்த் 'தொன்மங்கள்' நூலில் (1957) சொல்வது இதைத்தான். தொன்மம் ஒரு உருவத்திலிருந்து அதன் வரலாற்றைக் கசக்கிப் பிழிந்து வெளியேற்றிவிட்டு, அந்தக் காலியிடத்தில் தன் பொருளை ஊற்றுகிறது. மரியுபோல் சிலையில் அரசு செய்ததும், 'முற்றுகையில் பிழைத்தவள்' என்று எழுதி நாம் செய்ததும் ஒரே தொழில்நுட்பம். விளைவு ஒன்றல்ல என்பது உண்மைதான். ஒன்று ஆக்கிரமிப்புக்கு ஆசி வழங்குகிறது, மற்றது எதிர்ப்பவருக்கு அனுதாபம் சேர்க்கிறது. ஆனாலும் இரண்டிலும் அந்தப் பெண்ணின் சொந்தப் பேச்சு காதில் விழாமல் போகிறது. ஓசிப்போவாவைப் 'பாட்டி' ஆக்கியதும் அவர் ஓவியர் என்பது மறந்துவிடுகிறது. சொல்லை உண்டாக்குபவரை மறுபடியும் நீலவ்னாவாக, யாருடைய சொல்லையோ சுமப்பவளாகத் தள்ளிவிடுகிறோம்.

முதுமையும் தாய்மையும் தம்மளவில் எந்தப் பக்கமும் நிற்பதில்லை என்பதற்கும் அதே நகரம்தான் சாட்சி. சாஷா ஸ்கொச்சிலென்கோ என்ற இளம் கலைஞர் 2022 மார்ச் 31 அன்று பீட்டர்ஸ்பர்க் பல்பொருள் அங்காடி ஒன்றில் விலைச்சீட்டுகளை எடுத்துவிட்டு, அதே அளவில் போரைப் பற்றிய தகவல்களை அச்சிட்ட சீட்டுகளை வைத்தார். புகார் கொடுத்தது கடைக்கு வந்த வயதான பெண் ஒருவர். 2023 நவம்பரில் 7 ஆண்டு சிறைத்தண்டனை. 2024 ஆகஸ்ட் 1 அன்று நடந்த கைதிகள் பரிமாற்றத்தில்தான் வெளியே வர முடிந்தது. ஓசிப்போவாவைப் பிடித்த போலீஸ் அன்றைக்கே விட்டுவிட்டது. நரைத்த தலை ஒரு கேடயம். அவரை ஜெயிலில் போட்டால் அரசு தன் சொந்தக் குறியீட்டையே அடிப்பது மாதிரி ஆகும். ஆனால் அந்தக் கேடயம் இளையவர்களுக்குக் கிடையாது. தாய்மையைப் புனிதமாக்கி நாம் கொண்டாடுகிற எதிர்ப்பு அரசியலின் எல்லையும் இங்கேதான் இருக்கிறது.

7

அவரைத் தொடத் தயங்கியவர்கள் தட்டிகளைத் தொடத் தயங்கவில்லை. 2022 மே 9, வெற்றி தினம். தட்டிகளோடு வீட்டை விட்டு இறங்கியதுமே அடையாளம் தெரியாத ஆட்கள் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். 2023 ஜனவரி கடைசியில் 'யாப்லோகோ' கட்சியின் பீட்டர்ஸ்பர்க் அலுவலகத்தில் அவருடைய படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வெடிகுண்டுத் தகவல் என்று சொல்லிக்கொண்டு போலீஸ் உள்ளே வந்து படங்களை அள்ளிக்கொண்டு போனது. இதெல்லாம் கலையா என்று கேட்ட என் நண்பருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. வெறும் அட்டைக்காக யாரும் அவ்வளவு சிரமப்பட மாட்டார்கள்.

பிடுங்கிச் செல்வது ஒரு வழி. அணைத்துக்கொள்வது இன்னொரு வழி, அதுதான் நீண்டகால ஆபத்து. கேத்தே கோல்விட்ஸ் 1914இல் முதல் உலகப்போரில் மகனைப் பறிகொடுத்தவர். 1924இல் 'இனி ஒருபோதும் போர் வேண்டாம்' சுவரொட்டியை வரைந்தவர். இறந்த மகனை மடியில் கிடத்திய தாயாக அவர் செய்த சிறிய சிற்பம் ஒன்று உண்டு. அதைப் பல மடங்கு பெரிதாக்கி, 1993இல் ஜெர்மன் அரசு பெர்லினின் மைய நினைவிடத்தில் வைத்தது. கொன்றவனுக்கும் கொல்லப்பட்டவனுக்கும் ஒரே தாய் அழுவதுபோல ஆகிவிட்டதே என்று வரலாற்றாளர் கோசெலெக் போன்றவர்கள் அன்றே எதிர்த்தார்கள். தனிப்பட்ட துக்கம் அரசாங்கத் துக்கமானதும் 'யார் கொன்றது' என்ற கேள்வி கரைந்துபோகிறது.

ஓசிப்போவா தட்டிகளை விற்பதில்லை. விற்றிருந்தால் ஓய்வூதியத்துக்கு மேல் நாலு காசு பார்த்திருக்கலாம். பிடிவாதம் என்று தோன்றும். ஆனால் சுவரில் மாட்டிய தட்டி வேறு ஒரு பொருள். அதைப் பிடித்திருக்கும் கை இல்லை, குளிர் இல்லை, தாண்டிப் போகிறவரின் வசவு இல்லை. அவருடைய குறியீட்டில் பாதி அட்டையில் இருக்கிறது, மீதி அதைப் பிடித்து நிற்கும் உடம்பில் இருக்கிறது.

ஊர்வலம் முடிந்ததும் நாம் தட்டிகளை என்ன செய்கிறோம்? மூங்கிலை உருவிக்கொண்டு அட்டையை ஓரமாகப் போட்டுவிடுகிறோம். அடுத்த ஊர்வலத்துக்கு யாரோ தோழர் எழுதித் தருவார், நாம் பிடித்துக்கொண்டு நடப்போம். நம் தட்டியில் நாம் எழுதிய சொல் எத்தனை, யாரோ கொடுத்துச் சுமந்த சொல் எத்தனை? ஓசிப்போவாவைப் பற்றி இவ்வளவு எழுதியும் பதில் சொல்ல முடியாமல் இந்தக் கேள்வியோடுதான் நிற்கிறேன்.